விதை 30 மீட்டர்தான் போகிறது, காடு மட்டும் எப்படி ஆயிரம் கிலோமீட்டர் போனது?

காகிதக்கப்பல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். உயிரியல் என் துறை இல்லை. கணிதம் படித்துவிட்டு நிரல் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு உயிரினம் நிலப்பரப்பில் எப்படிப் பரவுகிறது என்பதைக் கணக்காக எழுதும் விஷயம் ஒரு மாதமாகப் பிடித்து ஆட்டுகிறது, இப்போது ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

முதலில் படித்தது ஃபிஷர் 1937இல் எழுதிய அலைச் சமன்பாடு. கோல்மகோரவ் குழுவினரும் அதே ஆண்டு தனியாக அதைச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு உயிரியும் குடிகாரன் மாதிரி திசையில்லாமல் நடக்கிறது, கூடவே பெருகவும் செய்கிறது என்று வைத்தால், கூட்டத்தின் விளிம்பு ஒரே வேகத்தில் நகரும். வளர்ச்சி வீதம் வ, பரவல் குணகம் (எவ்வளவு வேகமாக அலைந்து பரவுகிறது என்பதன் அளவு) ப என்றால் வேகம் 2√(வ×ப). ஃபிஷர் இதை எழுதியது மரபணுக்களுக்காக, 1951இல் ஸ்கெல்லம் அதை உயிரினங்களுக்குப் போட்டுப் பார்த்தார். 1905இல் பிராக் அருகே விடப்பட்ட ஒரு சில மஸ்க்ராட்கள் (நீரில் வாழும் எலி வகை) மத்திய ஐரோப்பாவில் பிடித்த பரப்பளவுக்கு வர்க்கமூலம் எடுத்து ஆண்டுக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. அதைப் பார்த்தபோது உண்மையிலேயே கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

சரி, மரத்துக்கும் செய்து பார்ப்போம் என்று ஒரு சிமுலேஷன் எழுதினேன். ஒரே பரிமாணம், நீண்ட பட்டை, 100 மீட்டர் கட்டங்கள். விதை விழும் தூரம் இயல்நிலைப் பரவல் (மணி வடிவ வளைகோடு), திட்டவிலக்கம் 30 மீட்டர். தலைமுறை 30 ஆண்டு. வெற்று நிலத்தில் ஒரு மரத்தின் விதைகளில் 1000 மரமாகத் தேறும் என்று தாராளமாகவே வைத்தேன். இந்த மாதிரித் தலைமுறைக் கணக்குக்கு வேகம் = திட்டவிலக்கம் × √(2 × இயல்மடக்கை 1000), அதாவது தலைமுறைக்கு சுமார் 111 மீட்டர். சிமுலேஷனில் 138 வந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எது வந்தாலும் ஆண்டுக்கு நாலைந்து மீட்டர்தான். பனியுகம் முடிந்து பத்தாயிரம் ஆண்டில் 37 முதல் 46 கிலோமீட்டர். ஆனால் ஏரிச்சேற்றில் கிடைத்த மகரந்தத்தை வைத்து ஓக் போன்ற மரங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வடக்கே போயின என்று எழுதியிருக்கிறார்கள். எலிக்குச் சரியாக வரும் கணக்கு மரத்துக்கு நூறு மடங்கு தப்பாக வருமா? விதை எண்ணிக்கையைப் பத்து லட்சமாக்கிப் பார்த்தேன், தலைமுறைக்கு 158 மீட்டர். அவ்வளவுதான். எங்கே கோட்டை விடுகிறேன்?

---

பின்னக்கணக்கு

கோட்டை விட்டது நீங்கள் மட்டுமில்லை. கிளமென்ட் ரீட் என்ற தாவரவியலாளர் 1899லேயே இதில் முட்டிக்கொண்டார். பிரிட்டனின் வடகோடியில் ஓக் நிற்க வேண்டுமென்றால், கொட்டை தானாக விழுந்து உருண்டு போகும் வேகத்தில் பத்து லட்சம் ஆண்டு பிடிக்கும் என்றார். ரீட் புதிர் என்றே இதற்குப் பெயர். நீங்கள் சொல்லும் ஸ்கெல்லம் கட்டுரையில் மஸ்க்ராட்டோடு இந்த ஓக்கும் இருக்கிறது, அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டீர்கள் போல. அவர் ஒரு மரத்துக்கு 90 லட்சம் சந்ததி, 300 தலைமுறை, 600 மைல் என்று போட்டார். அப்படித் தாராளமாகப் போட்டும் ஒரு கொட்டை சராசரியாக அரை மைலாவது போயிருந்தால்தான் கணக்கு உதைக்காமல் வரும். காற்றில் அது நடக்காது, ஆகவே ஏதோ விலங்கோ பறவையோ தூக்கிப் போயிருக்கிறது என்று முடித்தார்.

உங்கள் சூத்திரத்தை இன்னொரு தடவை பாருங்கள். விதை எண்ணிக்கை மடக்கைக்குள் போய், அதன் மேல் வர்க்கமூலமும் விழுகிறது. ஆயிரத்தைப் பத்து லட்சமாக்கினால் மடக்கை இரண்டு மடங்கு, வேகம் 1.4 மடங்கு. தூரமோ நேரடியாகப் பெருக்கலில் நிற்கிறது, இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். எத்தனை போடுகிறாய் என்பதை இந்தக் கணக்கு சட்டையே பண்ணுவதில்லை, எவ்வளவு தூரம் போடுகிறாய் என்பதுதான் அதற்குக் கவலை.

இப்போது ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். நூற்றில் 99 விதை அதே 30 மீட்டர். மிச்சம் ஒன்று மட்டும் பறவை வாயில், திட்டவிலக்கம் 1 கிலோமீட்டர். ஜே என்று ஒரு பறவை, காக்கைக் குடும்பம், ஓக் கொட்டையைப் பல கிலோமீட்டர் தூக்கிப் போய் மண்ணில் புதைத்துவிட்டு அதில் சிலவற்றை மறந்துவிடும், ஆகவே இது கற்பனை இல்லை. நான் தாளில் போட்டுப் பார்த்ததில் தலைமுறைக்கு சுமார் 2.46 கிலோமீட்டர், ஆண்டுக்கு 82 மீட்டர். ஒரே ஒரு சதவீதம் வழி மாறிப் போனதற்கு 22 மடங்கு வேகம்.

அப்புறம், அந்த நூற்றில் ஒன்றை ஆயிரத்தில் ஒன்று ஆக்குங்கள். 82 எட்டாகக் குறையும் என்றுதானே மனது சொல்கிறது? 68 வரும். பத்தாயிரத்தில் ஒன்று என்றாலும் 59.

---

காகிதக்கப்பல்

இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட நீங்கள் சொன்னதுதான் வருகிறது. பத்தாயிரத்தில் ஒரு விதைக்கு 59 என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அப்படியானால் சராசரி விதை தூரத்தை அளந்து புத்தகத்தில் போடுவதெல்லாம் எதற்கு? பரவல் குணகம் என்பதே சராசரி வர்க்க இடப்பெயர்ச்சியிலிருந்துதானே வருகிறது.

---

பின்னக்கணக்கு

விளிம்பு நகர்வது சராசரி விதையால் இல்லை. சராசரி விதை தாய்மரத்தின் நிழலிலேயே கிடந்து முளைக்காமல் சாகும். முகப்புக்கு வெளியே வெற்று நிலத்தில் விழுந்த விதைக்குத்தான் ஆயிரம் மடங்கு பெருக்கம் கிடைக்கிறது, அதுதான் அடுத்த தலைமுறையின் முகப்பு. அரிதாகப் போவது எவ்வளவு அரிது என்பதை அந்தப் பெருக்கம் விழுங்கிவிடுகிறது. எவ்வளவு தூரம் என்பதை அதனால் விழுங்க முடியாது.

மஸ்க்ராட்டுக்குச் சூத்திரம் பொருந்தியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். நடந்தும் நீந்தியும் போகிற விலங்கு, அதை யாரும் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை. வால் மெலிந்த பரவல் என்றால் ஃபிஷர் போதும். வால் என்று நான் சொல்வது, தூரம் கூடக்கூட விதை விழும் வாய்ப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை. அது அடுக்குக்குறிச் சார்பைவிட மெதுவாகக் குறைந்தால் நிலையான வேகமே கிடையாது, அலை முடுக்கிக்கொண்டே போகும். மார்க் காட் என்பவரும் இன்னும் இருவரும் 1996இல் இதை எழுதிய பிறகுதான் சூழலியல்காரர்கள் வாலைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள். வகைக்கெழுச் சமன்பாட்டை விட்டு, உங்களுடையது மாதிரித் தலைமுறைக்கு ஒருமுறை தொகையீடு போடும் வடிவத்துக்கு வந்ததும் அதற்காகவே, அதில் எந்த வடிவ வாலையும் ஒட்டலாம்.

---

அரைநரி

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், மேலே எல்லோரும் ரொம்ப சந்தோஷமாக இருப்பதால் தண்ணீர் ஊற்றலாம் என்று வந்தேன்.

கப்பல், உங்கள் சிமுலேஷனில் ஒரு கட்டத்தில் 0.0003 மரம் நிற்கிறதா? நின்றால் அது விதை போடுகிறதா?

1980களில் இங்கிலாந்தில் நரிகளிடையே வெறிநோய் பரவினால் என்ன ஆகும் என்று முர்ரே குழுவினர் ஒரு அலை மாதிரி கட்டினார்கள். முதல் அலை அடித்துப் போன பிறகு நரிகள் மறுபடி பெருகும், அப்புறம் இரண்டாவது அலை வரும் என்று அது சொன்னது. டெனிஸ் மாலிசன் 1991இல் இரண்டு அலைக்கும் நடுவில் நோயுற்ற நரி எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். சதுர கிலோமீட்டருக்கு ஒரு நரியில் 10-இன் அடுக்கு மைனஸ் 18 பங்கு. அதற்கு அட்டோ நரி என்று பெயர் வைத்தார். அந்த நரித் துகள்தான் இரண்டாவது அலையைக் கிளப்பிவிடுகிறது! என் பெயரும் அங்கிருந்துதான்.

உங்கள் 59 மீட்டரிலும் அந்த வாசனை அடிக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு விதை, அதுவும் வாலின் நுனியில் மூன்று நாலு திட்டவிலக்கம் தாண்டி விழுவது, எல்லாவற்றையும் பெருக்கினால் அங்கே ஒரு முழு மரம் தேறுகிறதா? சமன்பாட்டுக்கு முழு மரம் என்றால் என்னவென்று தெரியாது. மரத்தை முழு எண்ணாக்குங்கள், விதை விழுவதைப் பகடை போட்டுத் தீர்மானியுங்கள், வேகம் இறங்கும். தடித்த வால் வைத்தாலும் முடிவில்லாமல் முடுக்காது, ஏனென்றால் எண்ணி இத்தனை விதை போடும் மரத்தின் மிகத் தொலைவான விதை எப்போதும் ஏதோ ஒரு தூரத்தில் நின்றுதான் ஆக வேண்டும். கிளார்க் என்பவர் இதைத்தான் மரங்களுக்கு விரிவாகச் செய்தார்.

இன்னொன்று, விதை போய் விழுந்தால் போதுமா? தனியாக முளைத்த மரத்துக்கு மகரந்தம் கொடுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? ஆள் குறைந்தால் பெருக்கமும் குறையும் என்பதை ஆலீ விளைவு என்பார்கள். அது பலமாக இருந்தால் முன்னால் ஓடியவர்கள் அங்கேயே மடிவார்கள், அலை பின்னாலிருந்து தள்ளப்பட்டுத்தான் நகரும், வாலின் பெருமையெல்லாம் போய்விடும். 1869இல் மாசசூசெட்ஸில் ஒருவர் வளர்ப்பிலிருந்து தப்பிய ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியை அமெரிக்காவில் இன்றும் இப்படித்தான் மட்டுப்படுத்துகிறார்கள். முழுக் கூட்டத்தோடு மோதுவதில்லை, முகப்புக்கு முன்னால் தனித்துக் கிடக்கும் சின்னக் குடியேற்றங்களைப் பொறிவைத்துக் கண்டுபிடித்து அழிப்பார்கள். கணக்கு களத்தில் வேலை செய்ததற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான்.

---

சும்மாவந்தவன்

இவ்வளவு சூத்திரம் எதற்கு? ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு பறவையையும் தனித்தனி ஏஜென்டாக வைத்து ஓட விடுங்கள். கணினி சும்மாதானே கிடக்கிறது.

---

அரைநரி

ஓட விடலாம். பறவை எத்தனை கொட்டை தூக்கும், எவ்வளவு தூரம், எதை மறக்கும், மறந்ததில் எத்தனை முளைக்கும் என்று பதினைந்து திருகு வைப்பீர்கள். அப்புறம் மகரந்த வரைபடத்துக்குப் பொருந்தும்வரை பதினைந்தையும் திருகுவீர்கள். பொருந்தும். பொருந்தாமல் எங்கே போகும்.

---

கரையோரம்

முதல் பதிவில் நிலப்பரப்பு என்று பார்த்து வந்தேன், இதுவரை எல்லோரும் வழவழப்பான பட்டையில்தான் மரம் நடுகிறீர்கள். நான் வேலை நிமித்தம் துண்டு துண்டான வாழிடங்களின் வரைபடத்தோடு மல்லுக்கட்டுபவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

நல்ல நிலமும் மோசமான நிலமும் மாறி மாறி மெல்லிய கோடுகளாக வந்தால் ஃபிஷர் வேகம் என்ன ஆகும் என்று ஷிகேசாடாவும் கூட இருந்தவர்களும் 1986இல் பார்த்தார்கள். கோடுகள் போதுமான அளவு மெல்லியவை என்றால் அதே சூத்திரம்தான், ஆனால் வளர்ச்சி வீதத்துக்குச் சாதாரணச் சராசரி, பரவல் குணகத்துக்கு இசைச் சராசரி (தலைகீழ் எண்களின் சராசரியை மறுபடி தலைகீழாக்கியது) போட வேண்டும். பரவல் 9, 1, 9, 1 என்று மாறி வருகிறது என்று வையுங்கள். சாதாரணச் சராசரி 5. இசைச் சராசரி 1.8. கடக்கச் சிரமமான பட்டைதான் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. நல்ல பட்டையில் 9 என்பதை 90 ஆக்கினாலும் 2-ஐத் தொடாது, சந்தேகம் இருந்தால் போட்டுப் பாருங்கள். பரவ வைக்க வேண்டும் என்றால் மோசமான இடத்தில் கைவைக்க வேண்டும், ஏற்கெனவே நன்றாக இருக்கும் இடத்தை மெருகேற்றிப் பயனில்லை. இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இரு பரிமாணத்துக்கு வந்தால் இன்னொரு வேடிக்கை. சதுரக் கட்டங்களைப் பகடை போட்டு வாழிடம், வாழிடமல்ல என்று நிரப்புங்கள். உயிரி பக்கத்து நான்கு கட்டங்களுக்கு மட்டுமே நகரும் என்றால், வாழிடம் 59.3 சதவீதத்துக்குக் கீழே போனதும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தொடர்ச்சியான பாதை சட்டென அறுந்துபோகிறது. மூலைவிட்டமாகவும் நகரும் என்றால் அந்த எல்லை 40.7. மெதுவாகக் குறைவதில்லை, ஒரேயடியாக அறுகிறது. உண்மையான நிலம் பகடை இல்லை, வாழிடம் கொத்துக் கொத்தாகத்தான் இருக்கும், அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துப்போய் ஒரு காட்டுக்குப் போடாதீர்கள், நான் ஒரு தடவை போட்டு அவமானப்பட்டிருக்கிறேன்.

துண்டுகளுக்கு லெவின்ஸ் 1969இல் போட்ட எளிய மாதிரி ஒன்று உண்டு, குடியேற்ற வீதம் க, அழிவு வீதம் அ என்றால் துண்டுகளில் 1−அ/க பங்கில் உயிரி இருக்கும். அதில் இடமே கிடையாது, எந்தத் துண்டு எதன் பக்கத்தில் என்று அதற்குத் தெரியாது, ஆகவே பரவலுக்கு அது உதவாது. ஹான்ஸ்கி ஃபின்லாந்தின் ஓலண்ட் தீவுகளில் பட்டாம்பூச்சியை வைத்துத் தூரத்தையும் பரப்பையும் அதற்குள் கொண்டுவந்தார், தேவைப்பட்டால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம் உங்கள் அசல் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, இங்கே யாரும் தொடவில்லை. மரம் எங்கிருந்து கிளம்பியது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மகரந்தம் குவியலாகக் கிடைக்கும் இடத்தில் காடு இருந்தது, சரி. அதற்கு வடக்கே, பனிக்கு ஓரளவு அருகில், ஒதுக்குப்புறமான பள்ளத்தில் நாலு மரம் தப்பிப் பிழைத்திருந்தால் ஏரிச்சேற்றில் அது தெரியவே தெரியாது. மெக்லாக்லனும் கிளார்க்கும் (மேலே சொன்ன அதே கிளார்க்) 2005இல் அமெரிக்க பீச், சிவப்பு மேப்பிள் இரண்டின் மரபணுத் தடயத்தைப் பார்த்துவிட்டு, பனிக்கு நாம் நினைத்ததைவிட அருகிலேயே மரங்கள் தங்கியிருக்கலாம், உண்மையான வேகம் ஆண்டுக்கு 100 மீட்டருக்கும் கீழே இருக்கலாம் என்றார்கள். அப்படியென்றால் புதிரில் ஒரு பங்கு கணக்கின் தப்பு இல்லை, தொடக்கக் கோட்டைத் தூரத்தில் போட்டதன் தப்பு.

---

காகிதக்கப்பல்

கரையோரம், 9-ஐ 90 ஆக்கிப் பார்த்தேன், 1.978. நன்றி, எரிச்சலாக இருக்கிறது.

அரைநரி சொன்னபடி மரத்தை முழு எண்ணாக்கி, ஒவ்வொரு விதைக்கும் பகடை போட்டு மறுபடி ஓட்டினேன். ஆயிரத்தில் ஒன்று பறவை வாயில் என்ற நிலை. 68 எங்கேயும் வரவில்லை, எல்லா ஓட்டமும் அதற்குக் கீழேதான், அதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முகப்பு சீராக நகராமல் பல தலைமுறை சும்மா கிடந்து, எங்கோ ஒரு மரம் முளைத்ததும் திடீரென்று தாவுகிறது. முன்பு வழவழப்பான அலையைப் பார்த்து ரசித்தேன், இது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஆனால் வரைபடங்களில் பார்த்த உண்மைப் பரவலுக்கு இதுதான் நெருக்கமாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம். தூரம் போகும் தன்மையே மரபாக வந்தால் என்ன ஆகும்? முகப்பில் இருப்பவர்கள் எல்லோரும் தூரம் போனவர்களின் பிள்ளைகள்தானே?

---

பின்னக்கணக்கு

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். ஆஸ்திரேலியாவின் கேன் தேரையைப் பாருங்கள். 1935இல் குயின்ஸ்லாந்தில் கரும்பு வண்டுகளைத் தின்னட்டும் என்று கொண்டுவந்து விட்டார்கள். வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்றது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 10 கிலோமீட்டர் அளவில் பரவியது, பிற்பாடு 50-ஐத் தாண்டியது. முகப்பில் வரும் தேரைகளுக்குக் கால் நீளம் என்று 2006இல் அளந்தே காட்டினார்கள். முகப்புக்கு முதலில் வந்து சேர்பவர்கள் வேகமானவர்கள், அங்கே அவர்களுக்கு இணையும் அவர்களைப் போன்றவர்கள்தான், பிள்ளைகளும் அப்படியே. நிலையான ப என்பது அங்கே காலாவதியாகிவிட்டது, பரவலே ப-வைக் கூட்டிக்கொண்டு போகிறது. உங்கள் நிரலில் ஒவ்வொரு மரத்துக்கும் சொந்தமாக ஒரு திட்டவிலக்கம் கொடுத்து, பிள்ளைக்குச் சின்னப் பிறழ்ச்சியோடு கடத்தினால் போதும். மரத்துக்கு முப்பது ஆண்டுத் தலைமுறை என்பதால் தேரை அளவுக்கு வேகமாக நடக்காது.

---

சல்லடை

தாமதமாக வருகிறேன். எல்லோரும் நரி, தேரை என்று போய்விட்டீர்கள், முதல் பதிவில் சூத்திரம் 111, சிமுலேஷன் 138 என்று இருந்ததை யாரும் கேட்கவில்லை. கால்வாசி வித்தியாசம், "பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை" என்று தாண்டிப் போக முடியாது.

கட்டம் 100 மீட்டர். விதை 30 மீட்டர். விதைகளைக் கட்டத்தின் நடுவிலிருந்து தூவுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 51 மீட்டர் போன விதை பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது, அடுத்த தலைமுறையில் அது அந்தக் கட்டத்தின் நடுவிலிருந்து தூவுகிறது, அதாவது ஓசியில் 49 மீட்டர். 49 மீட்டர் போன விதை ஒன்றும் போகாத மாதிரி பழைய இடத்துக்குத் திரும்புகிறது என்பதும் உண்மைதான், ஆனால் முகப்பைத் தீர்மானிப்பது முன்னால் விழுந்தது மட்டும்தானே, அதனால் இரண்டும் சமன் ஆகாது. கையில் போட்டுப் பார்த்தேன், 100 மீட்டர் கட்டத்துக்கு சரியாக 138 தான் வருகிறது. உங்கள் நிரலில் பிழை இல்லை, கட்டம்தான் பெரிது. 10 மீட்டராக்குங்கள்.

---

காகிதக்கப்பல்

நடுவிலிருந்துதான் தூவுகிறேன். 10 மீட்டராக்கினால் 111க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முழு எண் மரங்களோடு அதே கட்டத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, மணி இரண்டு, இன்னும் நாற்பதாவது தலைமுறையைத் தாண்டவில்லை.